புகைக்கு டைம்டேபிள் கிடையாது: வாசகர் கேள்வி – பதில்

(மாசு ஆய்வு, பல்கலைக்கழகப் பாடம், ஊர்ப்பணி மூன்றையும் ஒரே ஆள் எப்படிச் சுமப்பது என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வட்டாரத்திலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. காற்று, நீர் மாசு பற்றி வகுப்பெடுப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.)

கேள்வி: வேலையில் சேர்ந்து முதல் வருடம். வாரத்துக்கு ஆறு லெக்சர், ஒரு பிராக்டிகல். காற்றிலுள்ள நுண்துகளை அளப்பது என் ஆய்வு. செமஸ்டர் நடக்கும்போது மூச்சுவிட நேரமில்லை. ஜூலை விடுமுறையிலும் டிசம்பர் விடுமுறையிலும் மாதிரி எடுத்து ஒப்பேற்றிவிடலாமா? – விரிவுரையாளர், வெஸ்ட்வில்

ஒப்பேற்றலாம். ஆனால் கிடைக்கும் எண் டர்பனின் எண்ணாக இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே பனிக்காலம், மழை குறைவு. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். பிளஃப் மேட்டுக்கும் பெரியா மேட்டுக்கும் நடுவில் கிடக்கும் தென் டர்பன் பள்ளத்தில் இரவெல்லாம் தேங்கிய புகை, வெயில் ஏறிய பிறகுதான் கலையும். ஆக, ஜூலை வருடத்தின் மோசமான மாதங்களில் ஒன்று. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை நிலைமை நேர்மாறு. கட்டுமானத் தொழிலுக்கு விடுமுறை, பல ஆலைகளில் வேலை மந்தம், கோடை மழை வேறு. இந்த இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருட சராசரி வந்துவிடாது. காற்றை ஃபில்டர் வழியாக இழுக்கும் பம்ப்பை வகுப்பில்லாத சனிக்கிழமைகளில் மட்டும் ஓட விடுபவர்களுக்கும் இதே கதிதான். உங்கள் டைம்டேபிள் சத்தமில்லாமல் தரவுக்குள் புகுந்துவிடும். பிறகு எந்தப் புள்ளியியலாலும் அதை வெளியே எடுக்க முடியாது.

ஆறு நாளுக்கு ஒரு முறை, 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 61 மாதிரி வரும். 42 நாளில் வாரத்தின் ஏழு கிழமையும் ஒவ்வொரு முறை வந்துவிடும். டைமர் நள்ளிரவில் தொடங்கி மறு நள்ளிரவில் நிற்கட்டும். ஃபில்டரை முந்தின நாள் மாலையில் மாட்டி, மாதிரி முடிந்த காலையில் கழற்றினால் போதும். இரண்டு வேளையும் சேர்த்து ஒரு மணி நேர வேலை, அதோடு பயணம். பிப்ரவரியிலேயே வருடம் முழுவதற்கும் தேதிப் பட்டியலை அச்சிட்டு, டெக்னீஷியனோடும் இரண்டு ஆனர்ஸ் மாணவர்களோடும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறும் பொது விடுமுறையும் யார் தலையில் விழும் என்று அப்போதே பேசிவிட வேண்டும். இல்லையென்றால் ஈஸ்டர், ஏப்ரல் 27, மே 1 என்று வரிசையாக ஓட்டை விழும்.

இனி மணிக்கணக்கு. 16 கிரெடிட் பாடம் என்றால் மாணவருக்கு 160 மணி நேர உழைப்பு. ஆசிரியரின் மணி அதில் சேராது. புதிதாக எடுக்கும் பாடத்தில் ஒரு லெக்சருக்கு நாலைந்து மணி நேரத் தயாரிப்பு பிடிக்கும். ஆறு லெக்சருக்கு வாரத்தில் 24 முதல் 30 மணி. மறு வருடம் இது பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே முதல் செமஸ்டரில் புதிய கண்காணிப்பு நிலையம் எதையும் தொடங்காதீர்கள். காத்திருந்தே தீரவேண்டிய வேலைகளை அந்த மாதங்களில் தள்ளிவிடுங்கள்: நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம், பள்ளிக்கூரையிலோ கிளினிக் கூரையிலோ கருவி வைக்க எழுத்து மூல அனுமதி, வெளிநாட்டு ஆர்டர்கள். ஃபில்டர் பெட்டி வர மாதக்கணக்காகும். ராண்ட் சரிந்தால் கொட்டேஷனும் மாறும். பம்ப் வந்து ஃபில்டர் வராமல் நிற்கும் ஆய்வகங்கள் நிறைய.

ஜூன் மாதத்துக்குத் தனிக் கவனம் தேவை. 120 விடைத்தாள், ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்றாலே 30 மணி. பனிக்கால மாசு ஏறும் வாரங்களும் அவைதான். ஜூனுக்கான ஃபில்டர்களை மே கடைசியிலேயே எடைபோட்டு, எண்ணிட்ட பெட்டிகளில் அடுக்கிவிடுங்கள். முன்னெடைக்கும் மாதிரி எடுக்கும் நாளுக்கும் இடையில் 30 நாளுக்கு மேல் போகாதபடி, ஜூலைக்கானவற்றை ஜூன் கடைசியில் தனித் தொகுதியாக எடைபோடுவது நல்லது.

வாரத்தில் ஒரு அரை நாளை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்த வார எண்களைத் திறந்து பார்ப்பதற்கான நேரம் அது. பம்ப் ஓட்டம் குறைந்தது, குழாயில் தண்ணீர் இறங்கியது, கடிகாரம் பின்னால் போனது எல்லாம் அப்போதுதான் தெரியும். செமஸ்டர் முடிவில் திறந்து பார்ப்பவர் மார்ச்சில் அறுந்த குழாயை ஜூனில் கண்டுபிடிப்பார்.

கேள்வி: மாணவர்கள் எடைபோடும் ஃபில்டர்களில் சில, மாதிரி எடுத்த பிறகு முன்பைவிட எடை குறைந்திருக்கின்றன. தூசி சேர்ந்த பிறகு எடை குறையுமா? – ஆய்வகப் பொறுப்பாளர், டர்பன்

தூசியின் எடை எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வேகத்தில் 24 மணி நேரம் இழுத்தால் ஃபில்டர் வழியாகப் போவது 24 கனமீட்டர் காற்று. காற்றில் கனமீட்டருக்கு 20 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தால் ஃபில்டரில் சேர்வது 480 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. மழை நாளில் 100, 150தான் சேரும். 47 மில்லிமீட்டர் டெஃப்லான் ஃபில்டரின் எடையோ இதைப்போலப் பல நூறு மடங்கு. இரண்டு பெரிய எண்ணைக் கழித்து ஒரு சின்ன எண்ணைத் தேடுகிறோம். பிழை முழுவதும் அந்தச் சின்ன எண்ணின் மேல்தான் விழும்.

முதல் சந்தேகம் நிலைமின்சாரம். டெஃப்லான் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; தராசுத் தட்டை இழுக்கும் அல்லது தள்ளும். எண் நிற்காமல் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால் இதுதான் காரணம். எடைபோடுமுன் ஒவ்வொரு ஃபில்டரையும், அந்த மின்னேற்றத்தை நீக்கும் அயனியாக்கிக்குக் கீழே அரை நிமிடமாவது பிடிக்க வேண்டும். இரண்டாவது, அறை. ஃபில்டர் குறைந்தது 24 மணி நேரம் 20 முதல் 23 டிகிரி செல்சியஸில், 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்தில் கிடந்து பதப்பட வேண்டும். முன்னெடையும் பின்னெடையும் ஒரே நிலையில் எடுக்கப்பட வேண்டும். டர்பன் கோடையில் வெளிக்காற்று 80 சதவீதம் ஈரமாக இருக்கும்போது, மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று வெள்ளி மாலை கட்டட நிர்வாகம் ஏசியை நிறுத்திவிட்டால் திங்கள் காலை எடை எல்லாம் குப்பை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதியும் சின்ன லாகர் ஒன்றைத் தராசுக்குப் பக்கத்தில் வையுங்கள். சண்டை போடும்போது அந்த வரைபடம் கைகொடுக்கும்.

மூன்றாவது, கை. பல் உள்ள கிடுக்கியால் பிடித்தால் ஃபில்டரின் விளிம்பு வளையத்தில் துணுக்கு பெயரும். தட்டையான முனை உள்ளதால், வளையத்தை மட்டும் பிடிக்க வேண்டும். நான்காவது, பெயர் மாறாட்டம். அறிவியலே இல்லாத பிழை இது; இதுதான் அதிகம் நடக்கிறது. ஃபில்டரில் அச்சான எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் எழுதட்டும். ஒரே ஆள் இரண்டும் செய்யக் கூடாது.

பத்து மாதிரிக்கு ஒரு வெற்று ஃபில்டரைக் களத்துக்குக் கொண்டுபோய், மாட்டி, பம்ப்பை ஓட விடாமல் கழற்றிக் கொண்டுவாருங்கள். அதன் எடை 30 மைக்ரோகிராமுக்கு மேல் மாறியிருந்தால் அந்தத் தொகுதியையே சந்தேகப்பட வேண்டும். அறையிலேயே கிடக்கும் வெற்று ஃபில்டருக்கு எல்லை 15. மின்வெட்டு வந்திருந்தால் டைமர் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். உண்மையில் ஓடிய நிமிடங்களைக் காட்டும் மீட்டரைப் படியுங்கள். 24 மணி என்று நினைத்துப் போட்ட கணக்கில் பம்ப் 19 மணிதான் ஓடியிருந்தால் செறிவு ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வரும்.

இதைப் பாடமாக மாற்றுவது சுலபம். மூன்றாம் ஆண்டு பிராக்டிகலில் எல்லோரும் ஒரே வெற்று ஃபில்டரை ஆளுக்கு மூன்று முறை எடைபோடட்டும். எண்கள் சிதறுவதைக் கண்ணால் பார்த்த மாணவருக்குப் பிழை எல்லை பற்றித் தனி லெக்சர் தேவையில்லை. ஆனால் ஆய்வுக்கான ஃபில்டர்களைப் பிராக்டிகல் வகுப்பில் கொடுக்காதீர்கள். அதற்கு, பயிற்சி முடித்த இருவர் போதும்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஒரு பேராசிரியர் மாணவர்களோடு வந்தார். கருவி வைத்தார், பிள்ளைகளை ஊதச் சொல்லி மூச்சு அளந்தார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? – பெற்றோர், மெரிபேங்க்

உண்டு. தாராளமாகக் கேளுங்கள். 18 வயதுக்குட்பட்டவரிடம் ஆய்வு செய்யப் பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், பிள்ளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட தாளில் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணும் தொடர்பு எண்ணும் இருந்திருக்கும். அந்தத் தாளைத் தேடி எடுங்கள். முதலில் பேராசிரியருக்கே எழுதுங்கள்: எந்தத் தேதிகளில் அளந்தீர்கள், என்னென்ன அளந்தீர்கள், என் பிள்ளையின் மூச்சு அளவு என்ன, எப்போது முடிவு கிடைக்கும்? நான்கே கேள்வி. பதில் வராவிட்டால் அந்த அனுமதி எண்ணைப் போட்டு நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகமும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், ஒரு முறை நீட்டிக்கலாம். கேடு விளைவிக்காத சுற்றுச்சூழலுக்கான உரிமை அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

இது எங்கள் கூட்டத்தாருக்கு: ஆய்வுக் கட்டுரை வெளிவரும்வரை வாய் திறக்கக் கூடாது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. கட்டுரைக்கு ஒன்றரை வருடம் ஆகும். அந்தப் பிள்ளை அதற்குள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும். பள்ளியின் சராசரியையும் அதன் வரம்புகளையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் எந்த இதழும் அதற்காகக் கட்டுரையைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. சந்தேகமாக இருந்தால் ஆசிரியர் குழுவுக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். மூச்சு அளவு இயல்பைவிடக் குறைவாக இருந்த பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் அந்த வாரமே தனிக் கடிதம் போக வேண்டும், கிளினிக்குக்கு ஒரு பரிந்துரையோடு. அதற்கான பணத்தையும் ஆளையும் ஆய்வுத் திட்டத்தின் பட்ஜெட்டிலேயே எழுதாமல் பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாது.

ஒரு பக்க அறிக்கையில் எண்ணைச் சும்மா போடாதீர்கள். எதோடு ஒப்பிடுவது என்று சொல்லுங்கள். பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கும் சின்ன) நுண்துகளுக்குத் தென்னாப்பிரிக்கத் தரம் இப்போது கனமீட்டருக்கு 24 மணி நேர சராசரியாக 40, வருட சராசரியாக 20 மைக்ரோகிராம். 2030 ஜனவரி முதல் 25, 15. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15, 5. "சட்டப்படி சரி" என்பதற்கும் "பிள்ளைக்கு நல்லது" என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பெற்றோரே பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: வீட்டில் மாட்டிய சின்ன சென்சார் விடியற்காலை மூடுபனியில் 150க்கு மேல் காட்டுகிறது. பயப்பட வேண்டுமா? – ஃபீனிக்ஸ்

மூடுபனியைத்தான் அது எண்ணிக்கொண்டிருக்கிறது. இந்தச் சென்சார்கள் லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கணக்குப் போடுகின்றன. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். பனித்துளியும் துகள்போலத் தெரியும். நகராட்சியின் தரமான நிலையம் ஒன்றின் பக்கத்தில் பனிக்காலத்தில் ஒரு மாதம், கோடையில் ஒரு மாதம் வைத்து ஒப்பிட்டு, ஈரப்பதத்தையும் சேர்த்துத் திருத்தச் சமன்பாடு போட்டால் உங்கள் சென்சாருக்கு மதிப்பு வரும். கலிஃபோர்னியாவுக்குப் போட்ட சமன்பாட்டை இங்கே ஒட்டவைக்காதீர்கள். நிமிட அளவை 24 மணி நேரத் தரத்தோடு ஒப்பிடவும் கூடாது. சென்சாரைப் பக்கத்து வீட்டு பிராய் அடுப்புக்கு (இறைச்சி சுடும் கரியடுப்புக்கு) நேரே மாட்டாமலிருப்பது எல்லாத் திருத்தத்தையும்விட முக்கியம்.

கேள்வி: திருவிழாவுக்கு ஆற்றில் இறங்கிக் கரகம் எடுக்கிறோம். தண்ணீர் சுத்தமா என்று பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் பார்த்துத் தருவார்களா? – கோயில் கமிட்டி, இசிபிங்கோ

கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆனால் திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை கேட்காதீர்கள். மாதிரி எடுத்த ஆறு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள் கிருமிச் சோதனையைத் தொடங்கியாக வேண்டும். அதன் பிறகு கிருமி வளர 35 டிகிரியில் ஒரு நாள் வைத்த பிறகே எண் தெரியும். சனி, ஞாயிறு ஆய்வகத்தில் ஆளிருக்காது. ஞாயிறு விழாவென்றால் புதன் காலை எடுத்து, வியாழன் முடிவு வாங்கி, வெள்ளியன்று தீர்மானியுங்கள். ஒரு மாதம் முன்பே வாராவாரம் ஒன்று எடுத்து வைத்தால் அந்த ஆறு வழக்கமாக எப்படி இருக்கிறது என்பதும் தெரியும். ஒரே ஒரு மாதிரி ஜோசியத்தோடு சேர்த்தி.

எடுக்கும் முறை: ஆய்வகம் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலை மட்டும் வாங்குங்கள், வீட்டுத் தண்ணீர் பாட்டில் ஆகாது. முழங்கால் ஆழத்தில் நின்று, நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து, கைக்கு எட்டும் தூரத்தில், மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே மூடியைத் திறந்து நிரப்புங்கள். மேலே விரற்கடை இடம் விடுங்கள். மூடியின் உள்பக்கத்தைத் தொடாதீர்கள். வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் வையுங்கள். முழு உடலும் நனையும் நீருக்குத் தென்னாப்பிரிக்க வழிகாட்டியின் இலக்கு 100 மில்லிலிட்டரில் 130 ஈ.கோலைக்குள் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா). கடல்நீர் என்றால் சோதிக்கும் முன் பத்தில் ஒன்றாக நீர்க்க வேண்டும். அங்கே என்டெரோகாக்கை என்ற இன்னொரு மலக் கிருமியைப் பார்ப்பது மேல். முடிவு நன்றாக வந்த பிறகு பலத்த மழை பெய்தால் அந்த முடிவு செல்லாது. சாக்கடை எல்லாம் ஆற்றில் இறங்கியிருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி, டர்பன் கடற்கரைகளை மூட வேண்டிவந்தது கமிட்டிக்கு மறந்திருக்காது.

ஆய்வகத்துக்கு இது இலவசம் அல்ல என்பதையும் கமிட்டி தெரிந்துகொள்ள வேண்டும். சோதனைப் பொருளின் விலையையாவது கொடுங்கள். பேராசிரியருக்கு ஒரு பக்கத்தில் நன்றிக் கடிதம் கொடுங்கள்: எத்தனை மாதிரி, எத்தனை மணி நேரம், அதனால் கமிட்டி என்ன முடிவெடுத்தது. பதவி உயர்வுக் கோப்பில் சமூகப் பணி என்ற தலைப்பின் கீழ் வைக்க அவருக்கு அதுதான் சான்று. சால்வை போர்த்தினால் கோப்பில் வைக்க முடியாது.

கேள்வி: துறையில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். எல்லாக் கமிட்டிக்கும் என் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். ஊர்க் கூட்டங்கள் வேறு. எதை மறுப்பது? – இணைப் பேராசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் யாருக்கு எதில் அக்கறை என்பது புரியும். உயர்கல்வித் துறையின் கணக்கில் அங்கீகரித்த இதழில் ஒரு கட்டுரைக்கு ஒரு யூனிட். எழுதியவர்களுக்குள் அது பங்காகும். ஆய்வு வழி முதுகலை மாணவர் ஒருவர் தேறினால் ஒன்று, முனைவர் பட்டம் பெற்றால் மூன்று. மானியம் அதற்கேற்பப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறது. மெரிபேங்க் பெற்றோருக்கு எழுதிய அறிக்கைக்கு யூனிட் பூஜ்யம். கமிட்டிக் கூட்டக் குறிப்புக்கும் பூஜ்யம். தேசிய ஆய்வு அறக்கட்டளையின் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தால் அவர்கள் பார்ப்பது கடைசி எட்டு வருட வெளியீடுகளை. உங்கள் பெயரைக் கமிட்டிகளில் போட்டவர்களே அந்த எட்டு வருடத்தில் கட்டுரை ஏன் குறைவு என்றும் கேட்பார்கள்.

உங்கள் வேலையைத் தொடும் கமிட்டி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கருவி வாங்கும் குழு, ஆய்வகப் பாதுகாப்புக் குழு, நெறிமுறைக் குழு, இவற்றில் ஒன்று. அங்கே உட்கார்ந்தால் உங்கள் ஆய்வுக்கே பலன் உண்டு. மற்றதை வாயால் மறுக்காதீர்கள், எழுதி மறுங்கள். "இப்போது என் மேல் இருப்பவை" என்று பாடங்கள், முதுகலை மாணவர்கள், கமிட்டிகள், வார மணியோடு ஒரு பட்டியல். கீழே ஒரே வரி: "இதில் எதை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கலாம் என்று சொல்லுங்கள்." துறைத்தலைவரிடம் அந்தத் தாள் போன பிறகு பேச்சு வேறு மாதிரி நடக்கும். ஒப்புக்கொள்வதையும் இரண்டு வருடம் என்று தேதியிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

ஊர்ப்பணியில் ஒரு பள்ளி, ஒரு பொதுமன்றம் போதும். ஆறு இடத்தில் தலை காட்டுவதைவிட ஓர் இடத்தில் ஐந்து வருடம் அளப்பது ஊருக்கும் நல்லது, கட்டுரைக்கும் நல்லது.

கேள்வி: தென் டர்பனில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் நின்றுவிட்டன. இனி அங்கே ஆய்வுக்கு என்ன இருக்கிறது? – பிளஃப்

நிறைய. எஞ்சென் ஆலை 2020 டிசம்பர் 4ஆம் தேதி தீவிபத்துக்குப் பிறகு திரும்ப ஓடவில்லை. சாப்ரெஃப் 2022இல் நிறுத்தப்பட்டது. எது குறைந்தது, எது குறையவில்லை என்று பிரித்துப் பார்க்க இப்படியொரு சந்தர்ப்பம் எளிதில் வாய்க்காது. கந்தக டை ஆக்ஸைடு இறங்கி, நைட்ரஜன் டை ஆக்ஸைடு அப்படியே இருந்தால், லாரியையும் துறைமுகத்தையும் பார்க்க வேண்டியதுதான். நைட்ரஜன் டை ஆக்ஸைடுக்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஏழு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் குழாய், உள்ளே அந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும் ட்ரைஎத்தனாலமீன் தடவிய வலை. திறந்த வாய் கீழே பார்க்க, இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் இரண்டு வாரம் தொங்கவிட்டால் போதும். ஓர் இடத்துக்கு மூன்று குழாய், ஒப்பிட மொத்தத்துக்குத் திறக்காத ஒன்றிரண்டு. ஆய்வகத்தில் நிறம் வரவழைத்து 540 நானோமீட்டரில் படிக்கலாம். இரண்டாம் ஆண்டு வகுப்பு முழுவதும் இதைச் செய்யும். இரண்டு வார சராசரியை வருடத் தரமான 40 மைக்ரோகிராமோடு நேராக ஒப்பிடக் கூடாது என்பதை மட்டும் மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள்.

கேள்வி: அறுவடைக் காலத்தில் கரும்புத் தோட்டம் எரிக்கும்போது கொடியில் காயும் துணியெல்லாம் கரி. இதையே ஆனர்ஸ் ஆய்வாக எடுக்கலாமா? – மாணவி, டொங்காட்

எடுக்கலாம், தலைப்பைச் சுருக்கினால். துணியில் விழும் கரிச் செதில் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியது. நுரையீரலின் அடி வரை போவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். இரண்டும் ஒரே தீயிலிருந்து வந்தாலும் ஒன்றை அளந்து இன்னொன்றைச் சொல்ல முடியாது. செதிலைத்தான் எடுக்கிறீர்கள் என்றால், அகலமான வாளியில் சிறிது வடிநீர் ஊற்றி, தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்து, வாரம் ஒரு முறை வடித்துக் காயவைத்து எடை போடலாம். செலவு சொற்பம். நுண்துகள் என்றால் பம்ப்பும் ஃபில்டரும் வேண்டும். பொட்டாசியமும், செடி எரியும்போது உண்டாகும் லெவோகுளுகோசான் என்ற சேர்மமும் கூடினால் எரிந்தது தாவரம் என்று சொல்லலாம். ஆனால் கரும்பா, பக்கத்துப் புல்வெளித் தீயா என்று அவை சொல்லாது. அதற்குத் தோட்டம் எரிந்த தேதி, நேரம், காற்றின் திசை மூன்றும் உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

நாள்காட்டி உங்களுக்குச் சாதகம். அறுவடை ஏப்ரல் வாக்கில் தொடங்கி வருடக் கடைசிவரை போகும். பிப்ரவரி, மார்ச்சில் எரிப்பு இல்லாத அடிப்படை அளவை எடுத்துவிடுங்கள். இதைத் தவறவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. செப்டம்பரோடு மாதிரி எடுப்பதை நிறுத்துங்கள். வழிகாட்டி ஜூன் மாதம் விடைத்தாளில் மூழ்கியிருப்பார். உங்கள் வரைபடங்களை மே மாதமே அவர் மேஜையில் வையுங்கள்.

கேள்வி: 2021இல் கோர்னூபியாவில் ரசாயனக் கிடங்கு எரிந்ததுபோல ஏதாவது நடந்தால், செமஸ்டர் நடுவில் ஒரு பேராசிரியர் உடனே என்ன செய்ய முடியும்? – அம்ஹ்லங்கா

அந்தத் தீயை அணைத்த நீரோடு வேளாண் ரசாயனங்கள் ஓடை வழியாக ஒஹ்லங்கா ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போய், கடற்கரைகளை மாதக்கணக்கில் மூட வேண்டியிருந்தது. முதல் இரண்டு நாள் மாதிரிகளுக்கு ஈடு கிடையாது. பிறகு எடுப்பதெல்லாம் மிச்சம். அதனால் ஒரு பெட்டி எப்போதும் தயாராக இருக்க வேண்டும்: பூச்சிமருந்துக்கு டெஃப்லான் மூடி போட்ட ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடி பாட்டில், உலோகத்துக்கு அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில், கூடவே நைட்ரிக் அமிலம், நைட்ரைல் கையுறை, ஐஸ் கட்டி, அழியாத பேனா, கைமாறும் ஒவ்வொரு முறையும் கையெழுத்திடும் படிவம். உலோக மாதிரியை 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடித்த பிறகே அமிலம் விட வேண்டும். முன்னே விட்டால் வண்டலில் இருந்த உலோகமும் கரைந்து எண் ஏறும். பூச்சிமருந்து மாதிரியை 4 டிகிரியில் வைத்து ஏழு நாளுக்குள் பிரித்தெடுக்க வேண்டும். சம்பவ இடத்துக்கு மேலே, நீரோட்டம் வரும் பக்கம் ஒரு மாதிரி கட்டாயம். அது இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம். வழக்குக்குப் போகும் என்று தோன்றினால் ஒவ்வொன்றிலும் பாதியைத் தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

புகைக்குள் போகாதீர்கள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள்; பல்கலைக்கழகக் காப்பீடு அதைத் தாங்குமா என்று விபத்துக்குப் பிறகு கேட்பது தாமதம். சக ஆசிரியர் ஒருவரோடு வருட ஆரம்பத்திலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: எனக்கு அவசரம் என்றால் என் இரண்டு வகுப்பை நீங்கள், உங்களுக்கென்றால் நான். பத்திரிகையிலிருந்து அழைத்தால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் மாதிரி எடுத்தோம், என்ன தேடுகிறோம், எப்போது முடிவு வரும் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு வரும் முன் "ஆபத்தில்லை" என்று யார் கேட்டாலும் சொல்லிவிடாதீர்கள், துணைவேந்தர் அலுவலகம் கேட்டாலும்.